துஞ்சிய இடமும் பள்ளிப்படையும்

இறந்த மன்னரை, அவர் உயிர்நீத்த இடத்தோடு சேர்த்துத் 'துஞ்சின' என்னும் அடையால் சுட்டுவது சோழர் கல்வெட்டு வழக்கு. 'குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன்' போன்ற சங்கப் பெயர் வழக்கின் தொடர்ச்சி இது.

முதலாம் ஆதித்தன் (871–907) 'தொண்டைமானாற்றூர்த் துஞ்சின உடையார்' எனப்படுகிறான். அவ்வூர் திருப்பதி மாவட்டத்தில் காளத்திக்கு அருகிலுள்ள தொண்டமநாடு. அவன் மகன் முதலாம் பராந்தகன் அங்கே எடுப்பித்த பள்ளிப்படையே, ஆதித்தேசுவரம் எனவும் வழங்கிய கோதண்டராமேசுவரம். இங்குத் துஞ்சிய ஊரும் பள்ளிப்படை அமைந்த ஊரும் ஒன்றே.

அரிஞ்சயன் நிலை வேறு. அவன் 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்'. ஆயின் அவனுடைய பெயரன் முதலாம் இராசராசன் (985–1014) அவனுக்குப் பள்ளிப்படையாக அரிஞ்சிகை ஈச்சரத்தை எடுப்பித்தது, சித்தூரை அடுத்த வேலூர் மாவட்டத்து மேற்பாடியில்.

எனவே 'துஞ்சின' என்னும் அடை இறந்த இடத்தை மட்டுமே உணர்த்தும். நினைவிடத்துக்குத் தனிச் சான்று வேண்டும். அதனை 'அடக்கம் செய்யப்பட்ட' என மொழிபெயர்த்தால், அரிஞ்சயனின் நினைவிடத்தை ஆய்வாளர் ஆற்றூரில் தேட நேரும். 'பள்ளிப்படை'யைக் 'கல்லறை' என்பதும் பொருந்தாது. இலிங்கம் நிறுவி, நிவந்தம் அளித்து, வழிபாடு நடத்திய கோயில் என்னும் பொருளை அச்சொல் தாங்குவதில்லை. 'நினைவுக்கோயில்' என்பதே அதற்கு அணுக்கமானது.