ஒரே நாளில் ஒரு தீவை வலம் வருதல்: மன்ஹாட்டன் கரைநடையின் வரலாறு

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் தீவை அதன் கரையோரமாகவே நடந்து சுற்றி, புறப்பட்ட இடத்துக்கு அன்றே திரும்பி வந்து சேரும் நிகழ்வு ஒன்று, 1985ஆம் ஆண்டிலிருந்து மே மாதத்தின் முதற் சனிக்கிழமையில் நடைபெற்று வருகிறது. 'கிரேட் சான்டர்' என்பது அதன் பெயர். தொலைவு 32 மைல். அதாவது ஏறத்தாழ 51 கிலோமீட்டர். 'ஷோர்வாக்கர்ஸ்' என்னும் நடையாளர் சங்கம் இதனை ஒருங்கிணைக்கிறது. இது பந்தயமன்று. முதலில் வந்தவர், இரண்டாவதாக வந்தவர் என்னும் வரிசை இல்லை. நடப்பவர்களுக்காக எந்தச் சாலையும் அடைக்கப்படுவதில்லை. சாலை குறுக்கிடும்போது அவர்களும் பச்சை விளக்குக்காகக் காத்து நிற்கவேண்டும். முழுத் தொலைவையும் முடிப்பவருக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கும், அவ்வளவே.

அந்தப் பெயர்ச்சொல்லே ஒரு சிறு வரலாற்றைச் சுமந்து நிற்கிறது. 'சான்டர்' என்னும் ஆங்கில வினை, அவசரமின்றி மனம்போன போக்கில் நடத்தலைக் குறிப்பது. அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ, தாம் மறைந்த 1862இல் வெளியான 'நடத்தல்' என்னும் கட்டுரையில் அச்சொல்லுக்கு இரு பிறப்புகளைச் சொன்னார். புனித நிலத்துக்குப் போவதாகக் கூறிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்த இடைக்கால யாத்திரிகரைக் குறித்த பிரெஞ்சுத் தொடரிலிருந்து அது வந்தது என்பது ஒன்று. நிலமற்றவர் என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. சொற்பிறப்பியலாளர் இவ்விரண்டையும் ஏற்பதில்லை. சொல்லின் மூலம் தெளிவற்றது என்பதே அகராதிகளின் முடிபு. எனினும், தமக்கெனக் கரையில் ஓர் அடி நிலமும் இல்லாத மக்கள் ஒரு தீவின் கரை முழுவதையும் நடந்து தீர்க்கும் நிகழ்வுக்கு, தோரோவின் பிழையான இரண்டாம் விளக்கம் வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்திவிடுகிறது.

தமிழில் இதனை 'உலா' என்று பெயர்க்கத் தோன்றும். ஆனால் நம் சிற்றிலக்கிய மரபில் உலா என்பது தலைவன் வீதியில் பவனி வர, பிறர் நின்று பார்ப்பது. இங்கே பார்க்கப்படும் தலைவன் எவனும் இல்லை. 'வலம் வருதல்' என்பதே இன்னும் நெருங்கிய சொல். நடையாளர் தென்முனையில் புறப்பட்டு, மேற்கே ஹட்சன் ஆற்றங்கரை வழியாக வடக்கு நோக்கி ஏறி, ஹார்லெம் ஆறு, கிழக்கு ஆறு ஆகியவற்றின் கரைகள் வழியாக இறங்குகின்றனர். ஆகவே நாள் முழுவதும் தண்ணீர் அவர்களுக்கு இடப்புறமும் தீவு வலப்புறமும் இருக்கிறது. யாரும் திட்டமிட்ட பொருத்தமன்று. ஆயினும் சொல்லின் நேர்ப்பொருளில் இது வலமே.

இந்நடையைத் தொடங்கியவர் சை ஆட்லர். கடலியல் அறிந்தவர்; 1982இல் ஷோர்வாக்கர்ஸ் சங்கத்தை நிறுவியவர். அவர் நடக்கத் தொடங்கியபோது தீவைச் சுற்றித் தொடர்ச்சியான பாதை கிடையாது என்பதே இவ்வரலாற்றின் மையச் செய்தி. பாதை இருந்ததால் மக்கள் நடக்கவில்லை. பாதை இல்லாத கரையில் முதலில் நடந்தார்கள்.

நான்கு பக்கமும் நீர் சூழ்ந்த ஒரு நகரத்தில் கரையோரமாக நடக்க ஏன் வழியில்லாமல் போயிற்று? நடை புறப்படும் இடமே அதற்கு விடை சொல்லத் தொடங்குகிறது. 1783இல் ஜார்ஜ் வாஷிங்டன் தம் படை அதிகாரிகளிடம் விடைபெற்ற ஃபிரான்சஸ் டாவர்ன் என்னும் விடுதி, பேர்ல் தெருவில் உள்ளது. டச்சுக்காரர் காலத்தில் அத்தெருதான் கரை. அங்கே குவிந்து கிடந்த சிப்பிகளே 'முத்துத் தெரு' என்னும் அப்பெயருக்குக் காரணம் என்பர். இன்று அங்கிருந்து தண்ணீரைக் காணச் சில தெருக்களைக் கடக்கவேண்டும். 1686ஆம் ஆண்டின் டாங்கன் சாசனம், ஏற்றநீர் எல்லைக்கும் வற்றுநீர் எல்லைக்கும் இடைப்பட்ட நிலத்தை நகராட்சிக்கு வழங்கியது. நகராட்சி அதனை 'நீர்மனைகள்' என்று கூறுபோட்டு வணிகர்களுக்கு விற்றது. வாங்கியவர்கள் மண்ணும் குப்பையும் கொட்டி நீரை நிலமாக்கினர். கரை என்பது பொதுவெளியாக இருந்து விற்பனைப் பொருளாக மாறிய தொடக்கம் அது.

பின்னர் வந்தது துறைமுகத்தின் காலம். கப்பல் துறைமேடைகளும் கிடங்குகளும் தீவின் ஓரத்தை வேலியிட்டாற்போல் சூழ்ந்தன. 1956இல் அருகிலுள்ள நியூவார்க் துறைமுகத்திலிருந்து சரக்குப் பெட்டகங்களை ஏற்றிய 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பல் புறப்பட்டது. கன்டெய்னர்களை அடுக்கிவைக்கப் பரந்த வெளி வேண்டும். மன்ஹாட்டனில் அது இல்லை. வணிகம் நியூ ஜெர்சிக் கரைக்குப் பெயர்ந்தது, துறைமேடைகள் பாழடைந்தன. ஆனால் துறைமுகம் விலகியதும் கரை மக்களிடம் வந்துவிடவில்லை. அதற்கு முன்பே, 1930களிலிருந்து, மோட்டார் நெடுஞ்சாலைகள் இருபுறக் கரைகளையும் பிடித்துக்கொண்டிருந்தன.

திருப்பம் ஒரு விபத்தில் நேர்ந்தது. 1973 டிசம்பரில், மேற்குக் கரையின் உயர்த்தப்பட்ட நெடுஞ்சாலையில் ஒரு பகுதி சரக்கு வண்டியோடு இடிந்து விழுந்தது. அந்த வண்டி சுமந்து சென்றது அதே சாலையைச் செப்பனிடுவதற்கான தார்க்கலவை. சாலை மூடப்பட்டது. கைவிடப்பட்ட மேல்தளத்தில் மக்கள் நடக்கவும் ஓடவும் மிதிவண்டி ஓட்டவும் தொடங்கினர். அவ்விடத்தில் ஆற்றையே நிரப்பி 'வெஸ்ட்வே' என்னும் பெருஞ்சாலை அமைக்க அரசு திட்டமிட்டது. பழைய துறைமேடைகளின் இடுக்குகளில் ஸ்ட்ரைப்டு பாஸ் மீன்கள் குளிர்காலத்தில் தங்குகின்றன என்பது நீதிமன்றத்தில் வலுவான வாதமாயிற்று. 1985இல் திட்டம் கைவிடப்பட்டது. முதல் கரைநடை நிகழ்ந்ததும் அதே ஆண்டில்தான். 1998இல் ஹட்சன் ஆற்றுப் பூங்காச் சட்டம் இயற்றப்பட்டது. 2004இல் தீவு முழுவதற்குமான கரைப்பாதைத் திட்டத்தை நகராட்சி வெளியிட்டது. இவற்றையெல்லாம் நடையாளர்கள் மட்டுமே சாதித்தனர் என்று சொல்வது மிகை. ஆனால் கரை என்பது துண்டு துண்டான மனைகளன்று, ஒரே தொடர்ச்சி என்னும் எண்ணத்தைத் தாளில் எழுதுவதற்கு முன்பே காலால் எழுதிக் காட்டியவர்கள் அவர்கள்.

இன்று அப்பாதையில் நடப்பவர் இந்த வரலாற்றையே அடுக்கடுக்காகக் கடக்கிறார். முதலில் பேட்டரி பார்க் சிட்டி. உலக வர்த்தக மையத்துக்காகத் தோண்டிய மண்ணையும் கொண்டு ஆற்றில் உருவாக்கப்பட்ட நிலம் அது. அடுத்து, பழைய துறைமேடைகள் பூங்காக்களாக மாறிய நெடும்பகுதி. அதன்பின் 1930களில் ரயில் தடங்களை மூடி விரிவாக்கப்பட்ட ரிவர்சைடு பூங்கா. ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தின் அடியில் ஒரு சிறு சிவப்புக் கலங்கரை விளக்கம் நிற்கிறது. பயன் முடிந்தது என்று அதனை அகற்ற முனைந்தபோது, அதைப் பற்றிய சிறுவர் கதை நூலைப் படித்து வளர்ந்தவர்களின் எதிர்ப்பால் அது பிழைத்தது. 1951இல் நகரத்தின் வசம் வந்தது.

வடமுனையில் இன்வுட் மலைப் பூங்கா. தீவின் இயற்கைக் காட்டில் எஞ்சியதும், உவர்நீர்ச் சதுப்பில் எஞ்சியதும் இங்கேதான். ஏறத்தாழப் பாதித் தொலைவு முடிந்திருக்கும். மதிய உணவுக்கு அமர்வது இங்கே. உண்மையான சோதனையும் இங்கேதான். பூங்காவுக்கு அருகிலேயே ஏ ரயிலின் கடைசி நிலையம் உள்ளது. ஏறி அமர்ந்தால் தென்முனைக்கு ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிவிடலாம். நடந்தால் இன்னும் 25 கிலோமீட்டருக்கு மேல். பலர் இவ்விடத்தில் நிறுத்திக்கொள்கின்றனர். அதில் இழிவு ஒன்றும் இல்லை.

எதிர்க்கரையில் தெரியும் மார்பிள் ஹில் ஒரு விந்தை. 1895இல் திறக்கப்பட்ட கப்பல் கால்வாய் அதனைத் தீவிலிருந்து வெட்டிப் பிரித்தது. பின்னர் பழைய ஓடையும் தூர்க்கப்பட்டு, அது பிராங்ஸ் நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. ஆயினும் நிர்வாகத்தில் இன்றும் அது மன்ஹாட்டன். ஆகவே தீவைச் சுற்றி முடித்தவர் மன்ஹாட்டனைச் சுற்றி முடித்தவர் ஆகமாட்டார். நிலவரைபடமும் நிர்வாகமும் ஒரே மொழியைப் பேசுவதில்லை.

கிழக்குக் கரை கடினமானது. நிழல் குறைவு, வாகன இரைச்சல் மிகுதி. ஹார்லெம் ஆற்றோரம் 1898இல் செல்வந்தர்களின் குதிரைவண்டிப் பந்தயத்துக்கெனத் திறந்த ஸ்பீட்வே, பிற்காலத்தில் நெடுஞ்சாலையாயிற்று. 23ஆம் தெரு முதல் 25ஆம் தெரு வரையிலான கரைக்கு பிரிஸ்டல் பேசின் என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சால் தகர்ந்த இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர வீடுகளின் இடிபாடுகளை, திரும்பி வந்த கப்பல்கள் நிலைப்பாரமாக ஏற்றி வந்து இங்கே கொட்டின. பிறிதொரு நகரத்தின் வீடுகள் இந்நகரத்தின் கரையாகிக் கிடக்கின்றன. காலையில் புத்துணர்ச்சியோடு கடந்திருந்தால் இச்செய்தி வெறும் தகவல். நாற்பது கிலோமீட்டருக்கு மேல் நடந்து, கொப்புளம் கட்டிய பாதத்தோடு கடக்கும்போது, காலடியில் இருப்பது வெறும் மண்ணன்று என்பது வேறுவிதமாக உறைக்கும்.

ஓய்வு நேரத்தையும் சேர்த்து ஏறக்குறைய 12 மணி நேரம் ஆகும். ஓர் அடிக்கு முக்கால் மீட்டர் என்று கணக்கிட்டால் 68,000 அடிகள். ஏன் ஒரே நாளில் முடிக்கவேண்டும்? பகுதி பகுதியாகப் பல வாரங்களில் நடந்தாலும் கரை அதேதானே? ஆனால் பகுதிகளாகப் பார்ப்பதுதான் கரையை விற்க முடிந்ததன் காரணம். 1686இன் நீர்மனை முதல் வெஸ்ட்வே வரை ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய துண்டை மட்டுமே பார்த்தனர். ஒரே உடல், ஒரே பகலில், முழுவதையும் கடக்கும்போதுதான் எங்கே வழி விடுபட்டிருக்கிறது என்பது தெரிகிறது. தெரிவது மட்டுமன்றி, சோர்ந்த காலுக்கு வலிக்கவும் செய்கிறது.

கடலும் கரையும் அனைவருக்கும் பொது என்பது ஜஸ்டீனியன் தொகுத்த உரோமானியச் சட்டத்திலேயே இடம்பெற்ற கருத்து. இந்திய உச்ச நீதிமன்றமும் 1996 டிசம்பரில் கமல்நாத் வழக்கில் இப்பொதுப்பொறுப்புக் கோட்பாட்டை நம் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அங்கே கேள்விக்குள்ளானது பியாஸ் ஆற்றங்கரை. ஆனால் சட்டப் புத்தகத்தில் உள்ள பொதுமை, ஆள் நடமாட்டமற்ற கரையில் மெல்லத் தேய்ந்துபோகும். நடக்கப்படும் கரையை மூடுவது கடினம்; மூடினால் கேட்பதற்கு ஆள் இருக்கும்.

மன்ஹாட்டனிலும் வட்டம் இன்னும் முழுமையடையவில்லை. 53ஆம் தெருவுக்கு வடக்கே ஒரு புதிய கரைப்பாதை 2023 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதற்குத் தெற்கே, முன்னாள் இறைச்சிக்கூடங்களின் நிலத்தில் எழுந்த ஐக்கிய நாடுகள் தலைமையகத்தை ஒட்டி, நடையாளர் தண்ணீரை விட்டு விலகி ஊருக்குள் திரும்பித்தான் செல்லவேண்டியுள்ளது. ஹார்லெம் ஆற்றங்கரையிலும் அத்தகைய இடைவெளிகள் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கணக்கானோர் அவ்விடங்களில் கரையைவிட்டு விலகி, சுற்றி நடந்து, மீண்டும் கரைக்கு வருகின்றனர். எஞ்சிய வேலை எது என்பதற்கு அதனினும் துல்லியமான வரைபடம் வேண்டியதில்லை.