மலர்ச் சோலையும் மறைந்த மதிலும்

கோடை விடுமுறை வந்ததும் இங்கிலாந்தின் நாட்டுப்புறச் சாலைகளில் மக்கள் வெள்ளம் திரளும். நகரத்து இரைச்சலை விட்டுக் குடும்பம் குடும்பமாக அவர்கள் நாடிச் செல்வது, பழம்பெரும் சீமான்களின் மாளிகைகளை. அவற்றைச் சூழ்ந்த சோலைகளை. பளிங்குக் கூடம், பொன்முலாம் பூசிய விதானம், வானளாவும் மரங்கள், வளைந்தோடும் ஓடை, கண்ணுக்கெட்டிய தொலைவு வரை பசும்புல்! காண்போர் வியக்கின்றனர். வியப்பதிலே தவறில்லை, அழகு எங்கிருப்பினும் அழகே. ஆனால், பகுத்தறிவு படைத்தோர் வியந்ததோடு நின்றுவிடலாகாது, வினவவும் வேண்டும். இந்த எழில் எவர் உழைப்பில் எழுந்தது? எவர் பொருளில் வளர்ந்தது?

அந்த வினாவுக்கான முதற்குறிப்பு தோட்டத்திலேயே புதைந்து கிடக்கிறது.

மாளிகையின் சாளரத்திலிருந்து பார்த்தால், புல்வெளி தடையின்றி நீண்டு, மாடுகள் மேயும் வயலோடு கலந்துவிடுவதாகத் தோன்றும். வேலி தென்படாது. அருகே சென்றால்தான் உண்மை புலப்படும். பள்ளமொன்று வெட்டி, தோட்டத்துப் பக்கம் மட்டும் செங்குத்தாக மதில் எழுப்பியிருப்பர். வெளியே நிற்கும் மாடு ஏறி வர இயலாது. உள்ளே அமர்ந்திருக்கும் சீமானின் கண்ணுக்கோ மதிலே தெரியாது! அதற்கு ‘ஹாஹா’ என்று பெயர். பள்ளத்தைத் திடீரெனக் கண்டோர் எழுப்பிய வியப்பொலியே பெயராயிற்று என்பர். 18ஆம் நூற்றாண்டுத் தோட்டக் கலைஞர்கள் பெருமையோடு கையாண்ட உத்தி இது. அவர்களில் தலைசிறந்தவர் லான்சலாட் பிரவுன் (1716–1783). ஏரி வெட்டுவார், மேடு குவிப்பார், மரங்களைத் தோப்புத் தோப்பாக நடுவார். முடிவில் யாவும் இயற்கையே அமைத்தது போலிருக்கும்.

மனிதன் கட்டியதை இயற்கை போலக் காட்டுவது! இதைக் கவனத்தில் வையுங்கள், தோழர்களே. அந்த மாளிகைகளின் வரலாறு முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

டார்செட் வட்டாரத்தில் மில்ட்டன் பிரபு என்றொரு சீமான் இருந்தார். அவருடைய மாளிகைக்கு அருகே கடைத்தெருவும் வீடுகளும் நிறைந்த சிற்றூர் ஒன்று நெடுங்காலமாக இருந்தது. காட்சிக்கு இடையூறு என்று கருதினார் பிரபு. ஊரையே இடித்துத் தள்ளினார்! 1780 வாக்கில் சற்றுத் தொலைவில், மாளிகையின் கண்ணுக்குப் படாத பள்ளத்தாக்கில், ஒரே மாதிரியான குடில்களை வரிசையாகக் கட்டி மக்களைக் குடியேற்றினார். அதுவே மில்ட்டன் அப்பாஸ். இன்று அந்தக் குடில் வரிசையையும் அழகென்று படம் பிடிக்கின்றனர். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடத்தை இழந்தோரின் துயரம் படத்தில் விழுவதில்லை.

யார்க்‌ஷயரில் ஹேர்வுட் மாளிகை. 1759இல் தொடங்கி 1771இல் முடிந்தது. கட்டிய லாசெல்ஸ் குடும்பத்தின் செல்வம் பார்படாஸ் தீவிலிருந்தும், சர்க்கரை வாணிபத்திலிருந்தும், அடிமை வாணிபத்திலிருந்தும் வந்தது. ஆப்பிரிக்க மக்களைச் சங்கிலியிட்டுக் கொண்டுவந்து கரும்புத் தோட்டங்களில் வாட்டியதன் பயனே அந்தக் கூடங்கள். 1833இல் பாராளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் செய்தது. நட்ட ஈடாக 2 கோடி பவுன் ஒதுக்கியது. யாருக்கு? முதுகில் சவுக்கடி பட்டவனுக்கா? இல்லை, சவுக்கைப் பிடித்தவனுக்கு! ஹேர்வுட் பிரபு 1,200க்கும் மேற்பட்ட அடிமைகளுக்காக 26,000 பவுனுக்கு மேல் பெற்றார். விடுதலை பெற்றவர்களுக்குக் காலணாவும் இல்லை. அந்த ஈட்டுத்தொகைக்காக வாங்கிய கடனை பிரிட்டிஷ் அரசு மக்களின் வரிப்பணத்தில் முழுவதும் அடைத்து முடித்தது 2015ஆம் ஆண்டில்தான்.

இனி, நம் மண்ணுக்கும் அந்த மாளிகைகளுக்கும் உள்ள உறவைக் காண்போம்.

ஆர்க்காட்டு நவாபு முகமது அலி, கும்பெனி ஊழியர்களிடமே கொடுவட்டிக்குக் கடன் வாங்கினார். ஈடாகச் சீமைகளின் வரி வருவாயை எழுதிக் கொடுத்தார். 1773இல் கும்பெனிப் படையின் துணையோடு தஞ்சையைக் கைப்பற்றினார். காவிரி பாய்ந்த வயலின் வருவாயும் கடன்காரர்களின் கணக்கில் ஏறிற்று. ஏர் பிடித்தவன் கடன் வாங்கவில்லை; கடனை அடைத்தவனோ அவனே! பால் பென்ஃபீல்டு என்ற கும்பெனி ஊழியர், வயலில் நின்ற பயிரின் மீதே உரிமை கோரினார். தஞ்சையை அதன் மன்னரிடம் திருப்பித் தர முயன்ற கவர்னர் பிகட் பிரபுவை, 1776இல் அவருடைய ஆலோசனைச் சபையினரே சிறைப்படுத்தினர். மறு ஆண்டு அவர் காவலிலேயே மாண்டார். நவாபின் கடன் என்ற பெயரால் நடந்த கொள்ளையை எட்மண்ட் பர்க் 1785இல் பாராளுமன்றத்தில் தோலுரித்துக் காட்டினார். ஆயினும் என்ன? ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் வுட்ஹால் பார்க் என்றொரு மாளிகை. அதைக் கட்டியவர், சென்னையில் கவர்னராக இருந்த தாமஸ் ரம்போல்டு. அவருக்குப்பின் வாங்கியவர், அதே பென்ஃபீல்டு!

வேல்ஸ் நாட்டின் போயிஸ் கோட்டைக்குச் செல்வோர், அடுக்கடுக்கான தோட்டத் தளங்களையும் செதுக்கிய மரச்சுவர்களையும் கண்டு களிப்பர். உள்ளே திப்பு சுல்தானின் கூடாரமும், அவருடைய அரியணையை அணிசெய்த பொற்புலித் தலையும் இருக்கின்றன. ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்டு கிளைவ், போயிஸ் குடும்பத்துப் பெண்ணை 1784இல் மணந்தவர். 1798 முதல் 1803 வரை சென்னைக் கவர்னர். அவர் கவர்னராக இருந்த நாளில்தான் 1799இல் திப்பு வீழ்ந்தார். அதே ஆண்டு கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801இல் திருப்பத்தூரில் மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டனர். மலர்ச்செடிகளிடையே நடப்பவர்க்கு இந்தத் தூக்குமரங்கள் தெரியுமா?

செல்வமும் வறுமையும் ஆண்டவன் வகுத்த ஏற்பாடு என்ற கருத்தை, 1848இல் வெளிவந்த குழந்தைகளுக்கான கிறித்தவப் பாடலொன்றும் போதித்தது. பின்னாளில் பல தொகுப்புகள் அந்தச் செய்யுளை நீக்கின. இங்கே அதையே தலைவிதி என்றனர், முற்பிறவிப் பயன் என்றனர், பிறப்பால் வந்த வருணம் என்றனர். பெயர் வேறு, வேலை ஒன்று. மனிதன் எழுப்பிய மதிலை இயற்கை என்று நம்பவைக்கும் வேலை! ஆனால் கணக்கேடுகள் பொய் சொல்வதில்லை. ஹேர்வுட்டின் செல்வத்துக்கு முற்பிறவி காரணமன்று, பார்படாஸ் காரணம். வுட்ஹாலின் வாழ்வுக்கு விதி காரணமன்று. தஞ்சை வயலின் மீது எழுதிய கடன் பத்திரங்களும் காரணம்.

இந்த மாளிகைகளின் கதவுகள் பொதுமக்களுக்குத் திறந்த விதமும் கருதத்தக்கது. சீமான்கள் அனைவரும் மனமிரங்கித் திறந்துவிடவில்லை. 1894இல் வந்த மரணச் சொத்து வரி, தலைமுறைக்குத் தலைமுறை பெருஞ்சொத்துகளைக் குறைத்தது. 1895இல் தோன்றிய நேஷனல் டிரஸ்ட் என்ற பொது அமைப்பு, 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணையோடு மாளிகை பலவற்றை ஏற்றது. சட்டம் தட்டியது, கதவு திறந்தது. 2020இல் அதே அமைப்பு, தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களுக்கு அடிமை முறையோடும் காலனி ஆதிக்கத்தோடும் இருந்த தொடர்பை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. “பழையதை ஏன் கிளறுகிறீர்கள்? பூவைப் பார்த்துவிட்டுப் போகக்கூடாதா?” என்று சிலர் சினந்தனர். பூவையும் பார்க்கட்டும், வேரையும் பார்க்கட்டும். வேரைக் காட்டியதால் எந்தப் பூவும் வாடிவிடவில்லை.

இளைஞர்களே! விடுமுறையில் எந்த அரண்மனைக்கும் சோலைக்கும் செல்லுங்கள். இங்குள்ள மாளிகைகளுக்கும் கோயில்களுக்கும் செல்லுங்கள். கட்டியவன் பெயரைக் கல்வெட்டு சொல்லும். கல் சுமந்தவன் யார், வரி கொடுத்தவன் யார், வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் யார் என்று நீங்கள் கேளுங்கள். சாளரத்தருகே நின்றால் மதில் தெரியாது. இறங்கி நடந்து, பள்ளத்தின் விளிம்பு வரை சென்று பாருங்கள்.