18 பெண்கள், 14 நிகழ்ச்சிகள், ஒரு கட்டம்

சமூக வலைப்பின்னல் என்றதும் பேரப்பிள்ளைகளுக்கு முகநூல்தான் நினைவுக்கு வருகிறது. யார் யாரோடு பழகுகிறார்கள் என்று தாளில் கட்டம் போட்டுப் பார்த்த காலம் ஒன்று உண்டு. சமூகவியல் படித்தவர்கள் மத்தியில் மிகவும் பெயர்பெற்ற ஒரு கட்டத்தைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

ஊர், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள நாச்செஸ். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு மிசிசிப்பி ஆறு லா சால் பெயரோடு சேர்ந்தே மனப்பாடம் ஆனது. நாச்செஸும் 1716இல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய ரோசாலி கோட்டையில் தொடங்கிய ஊர்தான். பிறகு பருத்தியால் செழித்தது. பருத்தியோடு அடிமை முறையும் பெருகியது; அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பின்பும் அதன் ஒழுங்கு அங்கே போகவில்லை.

1933இல் ஹார்வர்டின் மானிடவியலாளர் லாயிட் வார்னர் அந்த ஊரை ஆராய இரண்டு தம்பதிகளை அனுப்பினார். அலிசன் டேவிஸ், எலிசபெத் டேவிஸ் கறுப்பர்கள். பர்லி கார்ட்னர், மேரி கார்ட்னர் வெள்ளையர்கள். ஒரே ஆய்வு, ஒரே ஊர். ஆனால் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் சாதாரணமாகப் போய் உட்கார்ந்து பேச முடியாது. ஊரார் கண்ணில் படாமல் சந்தித்துத்தான் குறிப்புகளை ஒப்பிட்டுக்கொண்டார்கள். வெள்ளையர் வரவேற்பறையில் என்ன பேசுகிறார்கள் என்று டேவிஸால் போய்க் கேட்க முடியாது. கறுப்பர் வீட்டில் மனம்விட்டு என்ன சொல்வார்கள் என்பது கார்ட்னருக்குக் கிடைக்காது. ஆளுக்குப் பாதி ஊர்.

அவர்கள் செய்த பல வேலைகளில் ஒன்று அந்தக் கட்டம். இடப்பக்கம் 18 வெள்ளைக்காரப் பெண்கள். மேலே சங்கக் கூட்டம், விருந்து என்று தேதியோடு 14 நிகழ்ச்சிகள். வந்திருந்தால் ஒரு குறி. உள்ளூர்ச் செய்தித்தாள், விருந்தினர் பட்டியல், பேட்டி, நேரில் பார்த்தது எல்லாவற்றிலிருந்தும் சேர்த்தது. மொத்தம் 89 குறிகள். ஐந்து நிகழ்ச்சிகளுக்கு ஒரு கூட்டத்துப் பெண்கள் மட்டும் போயிருக்கிறார்கள், வேறு ஐந்துக்கு இன்னொரு கூட்டத்தார் மட்டும். நடுவில் நான்குக்கு இரு தரப்பும் வந்திருக்கிறார்கள். ஊருக்குள் இரண்டு கோஷ்டி இருப்பது பார்த்த உடனே தெரிகிறது.

நானும் வருகைப் பதிவேட்டோடு காலம் தள்ளியவன். ஒருவர் எத்தனை நாள் வந்தார் என்பதை அது துல்லியமாகச் சொல்லும். மதியம் யார் யாரோடு சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார்கள் என்று சொல்லாது. அதற்கு அந்த அறையில் இருந்தாக வேண்டும்.

கட்டத்தின் ஒன்பதாவது பெண்ணைப் பாருங்கள். நான்கு நிகழ்ச்சிகளுக்குப் போயிருக்கிறார். மூன்று பொதுவானவை, ஒன்று முதல் கோஷ்டியுடையது. இரண்டாம் கோஷ்டியின் தனி நிகழ்ச்சி ஒன்றிலும் அவர் இல்லை. எண்ணிக்கையை மட்டும் நம்பினால் முதல் கோஷ்டி என்று எழுதி முடித்துவிடலாம். ஆய்வாளர்கள் இரண்டு பக்கமும் ஓரமாக ஒட்டியிருப்பவர் என்று எழுதினார்கள். அவர்கள் கையில் பேட்டிகளும் இருந்தன. கணக்கு மட்டுமே தீர்ப்பு சொல்லவில்லை. யார் கூட்டத்தின் மையம், யார் ஓரம் என்பதையும் இப்படியே இரண்டையும் வைத்துத்தான் பிரித்தார்கள்.

1941இல் நூல் வந்தது. 'டீப் சவுத்' என்று பெயர். துணைத்தலைப்பில் சாதி, வர்க்கம் என்ற இரண்டு சொற்களும் இருந்தன. 'காஸ்ட்' என்ற சொல்லை அவர்கள் சும்மா அலங்காரத்துக்குப் போடவில்லை. கறுப்பரும் வெள்ளையரும் மணப்பதை மிசிசிப்பியில் சட்டமே தடுத்தது. பணம் சேர்த்தாலும் படித்தாலும் அந்தக் கோட்டைத் தாண்ட முடியாது. வர்க்கத்தில் ஏறலாம், இறங்கலாம், இதில் முடியாது. நம் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு உறுத்துகிறது. 1950இல் ஜார்ஜ் ஹோமன்ஸ் தன் நூலில் அந்தக் கட்டத்தை எடுத்தாண்டார். பிறகு கணிதம் தெரிந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பிடித்துக்கொண்டார்கள். எந்தப் புது முறை கண்டுபிடித்தாலும் முதலில் இந்தப் பதினெட்டுப் பேரிடம்தான் சோதனை. 2003இல் லின்டன் ஃப்ரீமன் அப்படிப்பட்ட 21 பகுப்பாய்வுகளைச் சேர்த்து வைத்து ஒப்பிட்டார். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் கட்டம் மட்டும் தனியாக ஊர் சுற்றியது, பேட்டிகள் புத்தகத்திலேயே தங்கிவிட்டன. பூஜ்யமும் ஒன்றுமாக அதைக் கணினியில் ஏற்றும் மாணவனுக்கு, அந்த 14 நிகழ்ச்சிகளுக்கு அழைக்கப்படவே முடியாதவர்கள் அதே ஊரில் இருந்தார்கள் என்பது எப்படித் தெரியும்? வராதவருக்குப் பூஜ்யம் உண்டு. வர முடியாதவருக்கு வரிசையே கிடையாது. நூல் முழுக்கப் பேசியது அவர்களைப் பற்றியும்தான்.

அலிசன் டேவிஸ் பிறகு சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1994இல் அமெரிக்க அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. நூலின் அட்டையில் ஆசிரியர்களாக மூன்று பெயர்கள்: அலிசன் டேவிஸ், பர்லி கார்ட்னர், மேரி கார்ட்னர். களப்பணிக்கு நான்கு பேர் போயிருந்தார்கள். எலிசபெத்தின் பெயர் அட்டையில் இல்லை.