எலும்பில் ஒரு வெட்டு

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது மிகச் சிறிய பொருள். உங்கள் விரலைத் தொண்டைக்குக் கீழே, மார்பெலும்பின் மேல்விளிம்பில் வைத்துப் பாருங்கள். இரண்டு காறை எலும்புகளுக்கும் நடுவே ஒரு பள்ளம் தட்டுப்படும். உடற்கூறியலில் அதன் பெயர் இன்சிசுரா ஜுகுலாரிஸ். எலும்பின் விளிம்பிலோ ஓர் உறுப்பின் ஓரத்திலோ யாரோ வெட்டி எடுத்ததுபோல் இருக்கும் இடத்தை இலத்தீனில் இன்சிசுரா என்பார்கள். நம் உடலில் இப்படிப்பட்ட வெட்டுகள் பல உண்டு. அவற்றுக்குப் பெயர் வந்த கதையைப் பார்த்தால், கலைச்சொல் விஷயத்தில் நமக்கிருக்கும் ஒரு தயக்கம் விலகலாம் என்று நினைக்கிறேன்.

இன்சிசுரா என்பது 'உள்வெட்டு' என்ற பொருள் தரும் சாதாரணச் சொல்தான். உணவைக் கடித்து வெட்டும் முன்பற்களின் மருத்துவப் பெயரும் இதே வினையிலிருந்து வந்தது. முதலாம் நூற்றாண்டில் எழுதிய பிளினி, பூச்சிகளுக்கு 'இன்செக்டா' என்ற பெயர் பொருத்தமே, அவற்றின் உடலில் இன்சிசுராக்கள் இருக்கின்றனவே என்று விளக்குகிறார். எறும்பின் இடுப்பைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். உரோமானியருக்கு இது படித்தவர்கள் மட்டும் புழங்கும் சொல்லாக இருக்கவில்லை.

ஜுகுலாரிஸும் அப்படித்தான். உரோமானியர் தொண்டையையும் காறை எலும்புப் பகுதியையும் 'யுகுலும்' என்றார்கள். மாட்டின் கழுத்தில் பூட்டும் நுகத்துக்கு அவர்கள் சொன்ன 'யுகும்' இதன் உறவுக்காரச் சொல். வடமொழி 'யுக'மும் அதே குடும்பம். காறை எலும்பின் இலத்தீன் பெயரான கிளாவிகுலா என்றால் சின்னச் சாவி. நம்மவர்கள் அதே எலும்பின் மேல் கிடந்த கழுத்தணியைப் பார்த்தார்கள், காறை என்றார்கள். ஒருவர் பூட்டைத் திறக்கும் பொருளைச் சொன்னார், இன்னொருவர் நகையைச் சொன்னார். இதில் எது அதிக அறிவியல் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த வெட்டு முழங்கையில் இருக்கிறது. முன்கையின் உட்புற எலும்பான அல்னாவின் மேல்முனையில் ஆழமான வளைவு ஒன்று உண்டு. மேற்கை எலும்பு அதில் வந்து பொருந்துவதால்தான் கையை மடக்கி நீட்ட முடிகிறது. கிரேக்க மருத்துவ மரபில் இதை 'சிக்மா எழுத்தைப் போன்றது' என்றார்கள். ஆனால் எலும்பைப் பார்த்தால் இன்று நாம் அறிந்த சிக்மாவின் வடிவம் அங்கே தெரியாது. காரணம் எளிது. இரண்டாம் நூற்றாண்டில் கேலன் எழுதிக்கொண்டிருந்தபோது, கையெழுத்தில் சிக்மாவை ஆங்கில 'சி' போல, பிறை வடிவில் எழுதினார்கள். அந்த எழுத்துமுறை வழக்கொழிந்துபோன பிறகும் எலும்பின் பெயரில் அது தங்கிவிட்டது. ஓலைச்சுவடியின் பழைய எழுத்துவடிவம் ஒன்று நம் முழங்கையில் பதிந்திருந்தால் எப்படி இருக்கும், அப்படி!

பிற்காலத்தில் இதே வெட்டுக்கு 'அரைநிலா வெட்டு' என்ற பெயர் வந்தது. இப்போதைய பெயர் இன்சிசுரா ட்ரோக்லியாரிஸ். ட்ரோக்லியா என்றால் கப்பி, கிணற்றில் தண்ணீர் இறைக்கும் அதே கப்பிதான். முதலில் எழுத்து, பிறகு நிலா, கடைசியில் கப்பி. வெட்டு எதைப் போல் இருக்கிறது என்று சொல்லிவந்தவர்கள், அதில் எது வந்து பொருந்துகிறது என்று சொல்லத் தொடங்கினார்கள்.

இந்த மாற்றம் முக்கியமானது. வெட்டு என்பது எலும்பு இல்லாத இடம். அந்த இடம் பெரும்பாலும் வேறொன்றுக்கு வழிவிடுகிறது. தோள்பட்டை எலும்பின் மேல்விளிம்பில் ஒரு சிறு வெட்டு இருக்கிறது. அதன் குறுக்கே ஒரு தசைநார் பாலம்போலக் கிடக்கிறது. பாலத்துக்கு மேலே இரத்தக்குழாயும் கீழே நரம்பும் போகின்றன. இடது நுரையீரலின் முன்விளிம்பில் உள்ள வெட்டு இதயத்துக்கு இடம்விடுகிறது. இடுப்பெலும்பின் பெரிய வெட்டு வழியாகக் காலுக்குப் போகும் தடித்த நரம்பு இறங்குகிறது. அந்த வெட்டு பெண்களுக்குப் பொதுவாக அகன்றும் ஆண்களுக்குக் குறுகியும் இருக்கும். மண்ணிலிருந்து எடுத்த எலும்புக்கூடு ஆணுடையதா பெண்ணுடையதா என்று சொல்ல ஆய்வாளர்கள் முதலில் பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

இனி பாசெல் நகருக்கு வருவோம். 1543இல் வெசாலியஸின் பெரும் உடற்கூறு நூல் அச்சானது அங்கேதான். அந்த நூலில் இலத்தீனோடு கிரேக்கம், எபிரேயம், அரபு வழிப் பெயர்களும் இருந்தன. அதன்பின் 350 ஆண்டுகளில் ஒவ்வொரு நாட்டு ஆசிரியரும் தனக்குப் பிடித்த பெயரை வைத்துக்கொண்டார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புழக்கத்தில் இருந்த பெயர்கள் ஏறத்தாழ 50,000. 1895இல் ஜெர்மன் உடற்கூறியலாளர்கள் அதே பாசெலில் கூடி, ஓர் உறுப்புக்கு ஒரே பெயர் என்று முடிவு செய்தார்கள். சுமார் 5,000 பெயர்கள் மிஞ்சின. 1955இல் பாரிஸ் பட்டியல் ஆட்பெயர்களையும் நீக்கியது. செவிப்பறைக்கு மேலுள்ள வெட்டு லைப்சிக் பேராசிரியர் ரிவினஸின் பெயரால் அறியப்பட்டது. பட்டியலில் அது 'செவிப்பறை வெட்டு' மட்டும்தான். 1998இல் வந்த உலகப் பட்டியலில் இலத்தீனுக்குப் பக்கத்தில் ஆங்கிலமும் இடம்பெற்றது.

ஆக, இலத்தீன் பெயர்கள் வென்றதற்கு அவற்றுள் ஏதோ தனிப் புனிதம் இருந்தது காரணமல்ல. நுகம், சாவி, கப்பி போன்ற வீட்டுச் சொற்களை எடுத்து, 'இனி இதற்கு இதுதான் பெயர்' என்று பலர் ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒப்புதல்தான் அவற்றைக் கலைச்சொல்லாக்கியது.

தமிழில் இந்த வேலை நடக்காமல் இல்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கிரேயின் உடற்கூறு நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872இல் தமிழில் வந்தது. பாசெல் கூட்டத்துக்கு 23 ஆண்டுகள் முன்பு! கிறீனும் அவருடைய மாணவர்களும் உடலின் ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் முன்னால் நின்று, தமிழில் இதற்கு என்ன சொல் என்று கேட்டிருக்கிறார்கள்.

இன்று அங்காதிபாதம் உடற்கூறியலாகிவிட்டது. தமிழ்நாட்டுப் பாடநூலில் 'எலும்பு' என்று படிப்பதை இலங்கைப் பாடநூலில் 'என்பு' என்று படிக்கிறார்கள். இரண்டும் நல்ல தமிழ்தான். ஆனால் இருதரப்பும் ஒரு மேசையில் உட்கார்ந்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளவில்லை.

'தமிழில் இதற்கெல்லாம் சொல் ஏது?' என்று யாராவது கேட்டால் நான் ஒன்றை நினைவூட்டுவேன். வில்லின் நுனியில் நாண் மாட்டுவதற்காகச் செதுக்கும் வெட்டுக்கு நம்மிடம் குதை என்றொரு பழைய சொல் இருக்கிறது. ஒன்று வந்து பொருந்துவதற்காக வெறுமையாக விடப்பட்ட இடம். இன்சிசுராவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. உங்களில் யாரேனும் இதைவிட நல்ல சொல் வைத்திருந்தால், கேள்வி நேரத்தில் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளும் பழக்கத்தை நாம் அங்கிருந்தே தொடங்கலாம்.