வால்வு இடைவெளி சரிப்படுத்துதல்

வால்வுத் தண்டின் நுனிக்கும் அதனை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே, உஷ்ணத்தால் உலோகம் நீளுவதை உத்தேசித்து விடப்படும் நுண்ணிய இடைவெளி, தேய்மானத்தால் மாறுந்தோறும் அதனைக் குறித்த அளவுக்கு மீட்கும் காரியம். ஒர்க்‌ஷாப்புகளில் இதற்கு ‘டேப்பெட் செட்டிங்’ என்று பெயர்.

இவ்வித்தையைக் கற்க உகந்தது ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வங்காளத்து உத்தரபாராவில் செய்த அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினே. அதற்குரிய இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, ஏறக்குறைய 0.38 மில்லிமீட்டர். எட்டாம் வால்வு முழுதும் திறந்திருக்கையில் முதலாவதையும், ஆறாவது திறந்திருக்கையில் மூன்றாவதையும், இவ்வாறு இரண்டு எண்களும் கூடி எப்போதும் 9 ஆகும்படி அளந்துகொண்டு போவது சம்பிரதாயம்.

கும்மிடிப்பூண்டிக்கும் சென்னைக்குமாக ஆண்டுக்கணக்கில் ஓடிய வண்டியில், ராக்கரின் முகம் வால்வு நுனி பட்டுப் பட்டுக் குழிந்திருக்குமாதலால், இடைவெளியை அளக்கும் தட்டையான ஃபீலர் கேஜ் அக்குழியின் மேல் பாலம்போல் நின்றுவிட, அளவு சரியென்று தோன்றியும் ‘டக் டக்’ ஓசை நிற்பதில்லை. அதனை அடக்க, இடைவெளியைச் சரிப்படுத்தும் ஸ்குரூவை மேலும் இறுக்குவோருண்டு, அது பெரும்பிழை. இடைவெளி அற்றுப்போனால் எக்ஸாஸ்ட் வால்வு தன் பீடத்தில் முழுதும் அமராது, உஷ்ணத்தை வெளியேற்ற வழியின்றி விளிம்பு கருகும். 2000 பிப்ரவரியில் ஈயமுள்ள பெட்ரோல் இந்தியாவெங்கும் நீங்கியபின், பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளில் ஈயத்தின் காப்பின்றிப் பீடம் தேய்ந்து வால்வு உட்புகுவதால், ஓசையின்றியே இடைவெளி குறைவதும் உண்டு. ஸ்குரூவை நகராமல் பூட்டும் லாக் நட்டை இறுக்கும்போதும் அளவு சற்றே நகருமாதலால், இறுக்கியபின் மறுபடி அளப்பது அவசியம்.