செயின்ட் ஆண்ட்ரூஸ் காற்றும் கிழிந்த தாளும்



சென்ற வாரம் என் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், கணிதத் தேர்வின் பாதியிலேயே விடைத்தாளை நான்காகக் கிழித்து மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து நின்றான். கோபத்தில் நான் ஒரு சொல் சொல்லிவிட்டேன். அதை இங்கே எழுத மனம் வரவில்லை. வகுப்பு முழுவதும் அதைக் கேட்டது. அன்றிரவு உறக்கம் வராமல் கிடந்தபோதுதான், பல ஆண்டுகளுக்கு முன் படித்த பாபி ஜோன்ஸின் வரலாறு நினைவுக்கு வந்தது.

ஜோன்ஸ் அமெரிக்கக் கோல்ஃப் ஆட்டக்காரர். குழிப்பந்தாட்டத்திற்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். என் தந்தையார் நாங்கள் வாழ்ந்த தோட்டத்திற்கு அருகிலிருந்த கோல்ஃப் திடலில் புல் வெட்டியவர். விடுமுறை நாள்களில் நானும் அங்கே துரைமார்களுக்குப் பை தூக்கியிருக்கிறேன். அந்தத் திடலில் இருபுறமும் மரங்கள். நீர் பாய்ச்சி வளர்த்த பட்டுப்போன்ற புல். காற்று என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. மேலே தூக்கி அடித்தால் பந்து விழுந்த இடத்திலேயே நிற்கும். கோல்ஃப் என்றால் இதுதான் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன்.

அவ்வாட்டம் வேரூன்றி வளர்ந்த ஸ்காட்லாந்தின் நிலம் முற்றிலும் வேறு. கடலுக்கும் உழவு நிலத்திற்கும் இடையே கிடக்கும் மணற்பாங்கான மேட்டு நிலத்தை அங்கே லிங்ஸ் என்பார்கள். உழுது பயிரிட உதவாத தரை, ஆடும் முயலும் மேய்ந்து குட்டையாக்கிய புல், ஆங்காங்கே முட்புதர்கள். மரங்கள் அரிது. கிழக்குக் கரையில், ஈடன் ஆறு வடகடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டியது செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்துப் பழைய திடல். அந்நகரத்தார் அந்நிலத்தில் பந்தாடும் உரிமையை 1552ஆம் ஆண்டுப் பட்டயம் ஒன்று குறிப்பிடுகிறது. அதற்கும் முன்பே, 1457இல், இந்த ஆட்டத்தால் இளைஞர்கள் வில்பயிற்சியைக் கைவிடுகிறார்கள் என்று ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தடையே விதித்தது. பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றிய பெரியவர்களின் முறையீடு அவ்வளவு பழையது!

அந்தத் திடலுக்கு 1921இல் வந்தபோது ஜோன்ஸுக்கு வயது 19. மேதை என்று பெயர் வாங்கியவர். முன்கோபி என்றும் பெயர் வாங்கியவர். அடி தவறினால் மட்டையை வீசி எறிவார். அதே ஆண்டு அமெரிக்காவில் அவர் எறிந்த மட்டை வேடிக்கை பார்த்த ஒருவர்மேல் பட்டு, சங்கத்தின் எச்சரிக்கை வரைக்கும் போனது. செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த ஓப்பன் போட்டியின் மூன்றாம் சுற்றில் கடற்காற்று வலுத்தது. முதல் ஒன்பது குழிகளுக்கே 46 அடிகள். பத்தாவதும் கெட்டது. பதினொன்றாம் குழி மிகக் குறுகியது. மூன்றே அடிகளில் முடிக்க வேண்டியது. பந்து அங்குள்ள ஆழமான மணற்குழியில் விழுந்தது. அடித்துப் பார்த்தார், வெளியே வரவில்லை, மீண்டும் அடித்தார். இறுதியில் பந்தைக் குழிக்குள் போடாமலேயே போட்டியைக் கைவிட்டார். அடிக்கணக்குச் சீட்டைக் கிழித்து எறிந்தார் என்றும், பந்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் என்றும் இருவிதமாகச் சொல்வார்கள். எஞ்சிய குழிகளை ஆடினார். ஆனால் கணக்கை ஒப்படைக்கவில்லை. தம் விளையாட்டு வாழ்வின் மிகப் பெரிய இழுக்காக அதைப் பின்னாளில் அவரே கருதினார்.

வெளியூரார் அங்கே திணறுவது ஏன்? எதிர்காற்றில் உயர அடித்த பந்து பின்சுழற்சியால் மேலும் மேலே ஏறி, முன்னேறாமல் செங்குத்தாக விழுகிறது. பின்காற்றிலோ, இறுகிய மணல்தரையில் விழுந்து நிற்காமல் உருண்டோடுகிறது. காலையில் ஒரு குழிக்கு எடுத்த மட்டை மாலையில் அதே குழிக்கு உதவாது. 2015இல் அதே திடலில் நடந்த ஓப்பனில், குழியருகே நின்ற பந்துகளையே காற்று நகர்த்தியதால் ஆட்டத்தைப் பத்து மணி நேரத்திற்கு மேல் நிறுத்தி வைத்தார்கள். போட்டி திங்கட்கிழமைதான் முடிந்தது. உள்ளூரார் பந்தைத் தாழ அடித்துத் தரையோடு ஓடவிடுவார்கள். வந்தவருக்கோ, தாம் இத்தனை ஆண்டுகள் பாடுபட்டுக் கற்ற உயர்ந்த அடியே பகையாகிவிடுகிறது. அறியாமையால் தோற்பதைவிடக் கற்றதனால் தோற்பது கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எதிர்கொண்டார்கள். சாம் ஸ்னீட் 1946இல் ரயில் சன்னலிலிருந்து அந்தத் திடலைப் பார்த்து, கைவிடப்பட்ட பழைய திடல்போல் இருக்கிறதே என்றாராம். எதிரே இருந்தவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆயினும் வென்றார். பரிசு 150 பவுன். பயணச் செலவுக்கே போதவில்லை. மறு ஆண்டு பட்டத்தைக் காக்கவும் அவர் வரவில்லை. பென் ஹோகன் 1953இல் கார்னூஸ்டிக்கு வந்த முறையோ ஆசிரியர்கள் அறிய வேண்டியது. அமெரிக்காவில் பெரும் வெற்றிகள் கண்டவர், போட்டிக்கு நெடுநாள் முன்பே வந்து, புதிய மாணவன்போல் அந்நிலத்தைப் படித்தார். பிரிட்டனில் அன்று வழங்கிய சிறிய பந்தில் பழகினார். அமெரிக்கப் பந்தின் விட்டம் 1.68 அங்குலம், இது 1.62 அங்குலம், காற்றைச் சற்று எளிதாகத் துளைக்கும். அவருடைய நான்கு சுற்றுகள்: 73, 71, 70, 68. ஒவ்வொரு சுற்றும் முந்தியதைவிடக் குறைவு.

2002இல் மியூர்ஃபீல்டில் டைகர் உட்ஸுக்கு நேர்ந்ததை நம்மில் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்போம். அந்த ஆண்டின் இரு பெரும் பட்டங்களை வென்றுவிட்டு வந்தவர். மூன்றாம் சுற்றில் மழையும் புயற்காற்றும் சேர்ந்தடிக்க, 81 அடிகள். தொழில்முறை ஆட்டக்காரராக அவர் எண்பதைத் தாண்டியது அதுவே முதல்முறை. பதினேழாம் குழியில் ஒருவழியாக ஒரு அடி மிச்சமானபோது, வென்றுவிட்டவர்போல் இரு கைகளையும் உயர்த்தித் தம்மையே கேலி செய்துகொண்டார். மறுநாள் அதே திடலில் 65. பட்டம் எர்னி எல்ஸுக்குப் போனது.

ஜோன்ஸும் திரும்பி வந்தார். 1926இல் வாக்கர் கோப்பைக்காக அதே பழைய திடலில் ஆடினார். 1927இல் அங்கேயே ஓப்பன் பட்டத்தை வென்றார். மொத்தம் 285 அடிகள். அதுவரை ஓப்பனில் எவரும் எட்டாத எண்ணிக்கை. தொடக்கச் சுற்றே 68. கூட்டம் அவரைத் தோளில் தூக்கிச் சென்றது. 1930இல் மீண்டும் அங்கே அமெச்சூர் பட்டம். அதே ஆண்டில் நான்கு பெரும் பட்டங்களையும் முடித்துக்கொண்டு 28 வயதில் போட்டிகளிலிருந்து விலகினார். 1936இல் ஐரோப்பியப் பயணத்தின் இடையே, போட்டி ஏதுமின்றிச் சும்மா ஒரு சுற்று ஆடலாம் என்று வந்தபோது, செய்தி பரவிக் கடைக்காரர்கள் கடைகளைச் சாத்திவிட்டுத் திடலுக்கு ஓடினார்கள்.

பின்னர் முதுகுத்தண்டில் வந்த நோயால் நடையே தளர்ந்தது. 1958 அக்டோபரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் அவரைத் தன் மதிப்புறு குடிமகனாக ஏற்றது. அதற்குமுன் அந்தச் சிறப்பைப் பெற்ற அமெரிக்கர் 1759இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் மட்டுமே. தம் வாழ்விலிருந்து மற்ற அனைத்தையும் எடுத்துவிட்டு இந்த ஊரில் பெற்ற அனுபவங்களை மட்டும் விட்டு வைத்தாலும் அது நிறைவாழ்வாகவே இருக்கும் என்று அந்த மண்டபத்தில் பேசினார். அவர் வெளியேறியபோது, மீண்டும் வரமாட்டாயோ என்று வினவும் ஸ்காட்லாந்து நாட்டுப்பாடலை அவையினர் பாடினார்கள். 1971இல் மறைந்தார். பதினொன்றுக்கு முந்திய பத்தாம் குழிக்கு இன்று அவர் பெயர்தான்.

திங்கட்கிழமை இதை வகுப்பில் சொன்னேன். சொல்லுமுன், அந்த மாணவனிடம் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். எல்லாப் பிள்ளைகளும் தோளில் தூக்கிய கதையைத்தான் இரசித்தார்கள். அவன் மட்டும் கையுயர்த்தி, "கணக்கில் சேராது என்று தெரிந்தும் மீதிக் குழிகளை ஏன் ஆடினார் ஐயா?" என்று கேட்டான். "உனக்கு என்ன தோன்றுகிறது?" என்றேன். தோளைக் குலுக்கினான்.

பள்ளி முடிந்து அனைவரும் பேருந்துக்கு ஓடியபின், ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்று, புதிய வினாத்தாள் ஒன்று கிடைக்குமா என்று கேட்டான். மதிப்பெண் சேர்க்க இயலாது என்றேன். தெரியும் என்றான்.