நிம்ராட், 1969–2011

2011 தொடக்கத்தில் மான்செஸ்டருக்கு அருகில் உள்ள உட்ஃபர்ட் விமானத் தொழிற்சாலையில் திரை கட்டி மறைத்துக்கொண்டு இயந்திரங்கள் இறங்கின. பிரிட்டிஷ் விமானப்படைக்காகப் புதிதாகக் கட்டிய நிம்ராட் எம்ஆர்ஏ4 கடல் ரோந்து விமானங்களை வெட்டித் தள்ளின. ஒருநாள்கூடப் பணிக்குப் போகாத விமானங்கள். அருங்காட்சியகத்துக்கென்று ஒன்றைக்கூட முழுசாக விட்டுவைக்கவில்லை.

குலம் பெரியது. உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட்டின் வழிவந்தது நிம்ராட். 1969இல் பணிக்கு வந்தது. வட அட்லாண்டிக்கில் சோவியத் நீர்மூழ்கிகளைத் தேடுவதுதான் முதல் வேலை. ஒலி கேட்கும் மிதவைகளைக் கடலில் போட்டு, அவை அனுப்பும் சத்தத்துக்கு விமானத்துக்குள் காது கொடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் தாழ்வாகச் சுற்றும். எரிபொருள் மிச்சம்பிடிக்க நான்கு எஞ்சின்களில் ஒன்றிரண்டை அணைத்துவிடுவார்கள். நடுக்கடலில், தெரிந்தே! வால் முனையில் நீட்டிக்கொண்டிருந்த கம்பு, கடலுக்கடியில் பெரிய இரும்பு கிடந்தால் காந்தப்புலம் மாறுவதைக் கண்டுபிடிக்கும். 1988இல் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிந்தபோது, மேலே நின்று மீட்பு ஹெலிகாப்டர்களை ஒழுங்குபடுத்தியதும் நிம்ராட்தான்.

குறைகளை மறைத்து அஞ்சலி எழுதக்கூடாது. கடல் ரோந்து விமானத்தை ஆப்கானிஸ்தானுக்குக் கொண்டுபோய்த் தரையை வேவு பார்க்க விட்டார்கள். 2006 செப்டம்பர் 2 அன்று காந்தகார் அருகே, வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்ட சற்று நேரத்தில் தீப்பிடித்து ஒரு விமானம் விழுந்தது. 14 பேரும் இறந்தனர். தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்றது சார்லஸ் ஹேடன்-கேவின் 2009 விசாரணை அறிக்கை. இத்தனை காலம் பறந்ததாயிற்று, எப்படியும் பத்திரமாகத்தான் இருக்கும் என்ற நினைப்பிலேயே பாதுகாப்பு ஆய்வை ஏனோதானோவென்று முடித்திருந்தார்கள்.

வாரிசான எம்ஆர்ஏ4உம் சவலைப் பிள்ளைதான். 1996இல் 21 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். பழைய உடல், புது இறக்கை என்பது திட்டம். அறுபதுகளில் கையால் கட்டிய உடல்கள் ஆளுக்கொரு அளவில் இருந்ததால் இறக்கை பொருந்தவில்லை. ஆண்டுகள் ஓடின, செலவு ஏறியது, 21 என்பது 9 ஆனது. 300 கோடி பவுண்டுக்கு மேல் கரைந்த பிறகு, 2010 அக்டோபரில் டேவிட் கேமரன் அரசு திட்டத்தையே கைவிட்டது. பத்தாண்டில் 200 கோடி பவுண்டு மிச்சம் என்று கணக்குச் சொன்னார்கள்.

அந்த விமானத்தைக் கைவிட்டதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. பழைய எம்ஆர்2 விமானங்களுக்கும் அதே ஆண்டு மார்ச்சிலேயே ஓய்வு கொடுத்துவிட்டு, மாற்று எதுவும் இல்லாமல் கைவிட்டதைத்தான் மன்னிக்க முடியவில்லை. சுற்றிலும் கடல் உள்ள நாடு. அணு ஆயுத நீர்மூழ்கிகளை ஸ்காட்லாந்தின் ஃபாஸ்லேன் தளத்தில் வைத்திருக்கும் நாடு. 2014 இறுதியில் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் அன்னிய நீர்மூழ்கியின் பெரிஸ்கோப் தெரிந்ததாகச் சந்தேகம் வந்தபோது, தேடுவதற்கு அமெரிக்கா, கனடா, பிரான்சு விமானங்களை அழைக்க வேண்டியதாயிற்று. அந்த நேரத்தில் நம் அரக்கோணம் கடற்படைத் தளத்தில் போயிங் பி-8ஐ ரோந்து விமானங்கள் பறந்துகொண்டிருந்தன.

ஒரு காரியத்தை மட்டும் உருப்படியாகச் செய்தார்கள். நீர்மூழ்கி தேடும் கை மறந்துபோகாமல் இருக்க, விதைநெல்லை எடுத்துவைப்பதுபோல வீரர்கள் சிலரை நட்பு நாடுகளின் விமானங்களில் பணிபுரிய அனுப்பினார்கள். 2015இல் லண்டன் மனம் மாறி, அமெரிக்காவிடம் பி-8 விமானங்கள் வாங்க முடிவெடுத்தது. முதல் விமானம் 2020 பிப்ரவரியில் வந்து சேர்ந்தது. வாங்கியவை மொத்தம் 9.